தாயம்: பங்குக்கும் பகடைக்கும் ஒரே பெயர்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் நிலத் தகராறு என்று வந்துவிட்டால் இன்றும் காதில் விழும் சொல் 'தாயாதி'. பாட்டன் சொத்தில் பங்குள்ளவன் தாயாதி. வக்கீல் எழுதும் மனுவிலும் அந்தச் சொல் வரும், டீக்கடைப் பேச்சிலும் வரும். அதே ஊரில் மதியச் சாப்பாடு முடிந்த பின் திண்ணையில் சாக்கட்டியால் கட்டம் வரைந்து, பித்தளைக் கட்டையை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிவிட்டு, "தாயம் விழுந்துருச்சு" என்று ஒரு பெண் குரல் கொடுத்தால், அதுவும் இதே சொல்தான். வம்சத்தால் வரும் பங்குக்கும் கட்டை புரண்டு வரும் எண்ணுக்கும் தமிழ் ஒரு பெயரை வைத்திருக்கிறது. ஏன் என்று தேடப் போனால், சூதாட்டத்தைப் பற்றி நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுவரும் ஒரு கேள்விக்குள் அது நம்மைக் கொண்டுபோய் விடுகிறது.

'தாயம்' வடமொழி 'தாய' என்பதிலிருந்து வந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. கொடு என்று பொருள்படும் 'தா' என்ற வேர் அதற்கு அடி. கொடுக்கப்பட்டது, பங்கு, அதனால் பரம்பரைச் சொத்து. இந்துக் குடும்பச் சொத்துச் சட்டத்தைப் படித்தவர்களுக்கு 'தாயபாகம்' என்ற நூற்பெயர் பழக்கமானது. தனித்தமிழ் அன்பர்கள் இதை ஏற்பதில்லை. தாய்வழி உரிமை இருந்த காலத்தைக் காட்டும் தமிழ்ச் சொல் இது, 'தாய்' என்பதே இதன் வேர் என்பார்கள். இந்த வாதத்துக்கு நம் வட்டாரத்தில் தனி மரியாதை உண்டு. தேவநேயப் பாவாணர் இளமையில் ஆசிரியர் பணி தொடங்கியது இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள முறம்பில். எனக்கு வடமொழி வழிதான் சரியாகப் படுகிறது. ஆனால் சொல் எங்கிருந்து வந்தாலும், அதன் பின்னால் இருக்கும் எண்ணம் தமிழில் முன்பே வேரோடியிருந்தது.

'பால்' என்ற சொல்லைப் பாருங்கள். பால் என்றால் பகுதி, பங்கு. ஆண்பால், அறத்துப்பால் என்பதெல்லாம் அந்தப் பால்தான். சங்க இலக்கியத்தில் அதே பாலுக்கு ஊழ் என்றும் பொருள். ஒருவனுக்கு ஒதுக்கப்பட்ட பங்கு எதுவோ அதுதான் அவன் விதி. சோழன் நலங்கிள்ளி பாடிய 75ஆம் புறப்பாட்டில், முன்னோர் இறந்துபோக, பால் கொண்டுவந்து சேர்த்த தாயமாகத் தன் அரசுரிமையைச் சொல்கிறான். ஊழும் பங்கும் ஓர் அடியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 'பாக்கியம்' என்று அதிர்ஷ்டத்தைச் சொல்கிறோமே, அதுவும் 'பாகம்' என்ற பங்குச் சொல்லின் உறவு. கிரேக்க மொழியில் 'கிளேரோஸ்' என்பது குலுக்கிப் போடும் சீட்டையும் குறிக்கும், பரம்பரை நிலத்தையும் குறிக்கும். மனிதர்கள் நிலத்தைக் குலுக்கல் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்த காலத்தின் தடம் அது. தமிழகத்திலும் ஊர்ப் பொது நிலத்தைக் 'கரை'களாகப் பிரித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிப் பங்கிட்டுக்கொள்ளும் கரையீட்டு முறை இருந்தது. நல்ல வயலும் மோசமான வயலும் யாருக்கும் நிரந்தரமாகிவிடக் கூடாது என்பதற்காக. தற்செயலை நம் முன்னோர் பயந்து ஒதுக்கவில்லை. நியாயம் செய்ய அதை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்லும் குடவோலை இதற்கு எல்லோரும் அறிந்த சான்று. அதில் பலர் கவனிக்காத ஒன்று, குடத்துக்குள் ஓலை விழுவதற்கு முன்னால் வரும் தகுதிப் பட்டியல். கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், கற்ற கல்வி. தகுதி பார்த்து வடிகட்டிய பிறகுதான், சிறுவன் ஒருவன் குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுப்பான். திறமை முதலில், தற்செயல் பிறகு. இரண்டையும் பகையாக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கத் தெரிந்திருந்தது.

திண்ணைத் தாயத்தின் அமைப்பும் இதைத் தலைகீழாகத் திருப்பிவைத்ததுதான். தாயக்கட்டை இரண்டும் நீளமானவை, ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம். ஒரு முகத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று, ஒன்று வெற்று. இரண்டு வெற்று முகமும் மேலே வந்தால் பன்னிரண்டு. ஒரு வெற்றும் ஒரு புள்ளியும் சேர்ந்தால் தாயம். கட்டைகள் விழக்கூடிய விதங்கள் 16; அதில் தாயம் விழுவது இரண்டே விதத்தில். எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் போக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்பதை, கணக்குப் போடாமலே, காய் இறக்க முடியாமல் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரி நன்றாக அறிவாள். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம். இது முழுக்கத் தற்செயல்.

அதன் பிறகுதான் ஆட்டம். விழுந்த எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது, எந்தக் காயை மலை என்ற பாதுகாப்புக் கட்டத்தில் நிறுத்துவது, எதிராளியை இப்போதே வெட்டுவதா அடுத்த உருட்டலுக்கு விடுவதா, எந்தக் காயை முதலில் கரைசேர்த்துப் பழமாக்குவது. பல வீடுகளின் விதிப்படி ஒருமுறையாவது எதிரியை வெட்டாதவர் உள்சுற்றுக்குள் நுழைய முடியாது. இருபது வருடம் ஆடிய பாட்டியிடம் புதிதாய் வந்த மருமகள் தோற்பது கட்டையின் குற்றமல்ல. பிறந்த வீட்டில் கிடைத்த தாயத்தை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்கிறார் என்பதைப் போலத்தான், விழுந்த தாயத்தை வைத்து ஒருவர் என்ன செய்கிறார் என்பதும். பங்குக்கும் பகடைக்கும் ஒரே பெயர் பொருந்தியதன் காரணம் இதுவாக இருக்கும் என்று நம்புகிறேன்: இரண்டிலும் நுழைவுரிமை நம் கையில் இல்லை, நுழைந்த பின் நடக்கும் நடை நம்முடையது.

தாயத்துக்கு முன்னால் தமிழில் என்ன சொல் இருந்தது? மிகப் பழையது 'வல்'. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் இந்தச் சொல் மற்றச் சொல்லோடு சேரும்போது என்ன ஆகும் என்று விதி சொல்கிறார். 'நாய்', 'பலகை' என்ற இரண்டு சொற்கள் அதனோடு வரும்போது என்ன ஆகும் என்று தனியாக இன்னொரு விதியும் சொல்கிறார். வல்லுக்குப் பலகை வேண்டும், புரிகிறது. நாய் எதற்கு? ஆடும் காய்க்கு அன்று நாய் என்று பெயர். ஊரின் பெயரையே நாய்க்குச் சூட்டியிருக்கும் இராஜபாளையத்துக்காரர்கள் இதை அறிந்தால் மகிழ்வார்கள். தமிழருக்கு மட்டும் உரிய விநோதமும் அல்ல இது. கிரேக்கரின் பலகை ஆட்டம் ஒன்றில் காய்களுக்கு நாய்கள் என்றே பெயர் என்று 2ஆம் நூற்றாண்டின் போலக்ஸ் எழுதிவைத்தார். ரிக் வேதத்தில் சூதாடியைக் குறிக்கும் 'சுவக்னின்' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் நாயைக் கொல்பவன்.

நம் மாவட்டத்து மண்ணிலும் காய்கள் கிடைத்திருக்கின்றன. வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டைக்கு அருகே, விஜயகரிசல்குளம் மேட்டில் 2022இல் தொடங்கிய அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச்சில்லுகளும் வெளிவந்தன. பெயர் மாறிப் பெயர் மாறி ஆடிய கை மட்டும் ஓயவில்லை.

உருட்டும் பொருளுக்குப் பழந்தமிழ்ப் பெயர் 'கவறு'. பகடை பின்னால் வந்தது. கன்னடத்தில் 'பகடெ' என்று அதற்குக் கூடப்பிறந்த சொல் இருக்கிறது. வடக்கே வேத காலத்தில் கவறாகப் பயன்பட்டவை தான்றிக் கொட்டைகள். திரிபலாவில் கடுக்காய், நெல்லிக்காயோடு மூன்றாவதாகச் சேரும் தான்றிக்காயேதான். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இன்றும் நிற்கும் மரம். ஒரு பிடி கொட்டையை அள்ளி நான்கு நான்காக எண்ணுவார்கள். மீதமின்றி முடிந்தால் கிருதம். மூன்று மிஞ்சினால் திரேதை, இரண்டு மிஞ்சினால் துவாபரம், ஒன்றே மிஞ்சினால் கலி, தோல்வி. நான்கு யுகங்களின் பெயரும் சூதாட்டப் பலகையிலிருந்து ஏறியவை. இதில் எனக்கு வியப்பூட்டுவது வேறொன்று. அங்கே ஒன்று என்றால் கலி, யாரும் விரும்பாத எண். நம் திண்ணையில் ஒன்று என்றால் தாயம், எல்லோரும் வாய்விட்டு வேண்டும் எண். ஒன்றின் தலைவிதியே மாறிவிட்டது.

இனி வள்ளுவர். 'சூது' என்ற 94ஆம் அதிகாரம் சொல்லாராய்ச்சி செய்பவனுக்குப் புதையல். அங்கே வரும் 'கழகம்' சூதாடும் இடம். பிற்காலத்தில் கம்பர் கலை கற்கும் இடத்தைக் கழகம் என்றார். இன்றைக்குப் பல்கலைக்கழகமும் போக்குவரத்துக் கழகமும் அரசியல் கழகங்களும் அந்தச் சொல்லைத் தாங்கி நிற்கின்றன. பலர் கூடும் இடம் என்பது அடிப்பொருள். என்ன செய்யக் கூடினார்கள் என்பதைப் பொறுத்துச் சொல் உயர்ந்தது. 'உருளாயம்' என்று இன்னொரு சொல். உருளும் கவற்றில் விழுந்த ஆயம். ஆயம் என்றால் வருவாய். மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறை என்று அரசின் பெயர்ப் பலகையில் இருக்கும் அதே ஆயம். கட்டையில் விழும் எண்ணையும் கருவூலத்தில் விழும் வரியையும் சேர்த்தே சுட்டிய சொல்.

ஆனால் அந்த அதிகாரத்தில் என்னை நிறுத்திவைப்பது 'கை' என்ற ஓரெழுத்துச் சொல். 935ஆம் குறளில் கவறு, கழகம், கை என்று மூன்றை வள்ளுவர் வரிசையாகச் சொல்லி, இவற்றை விடாமல் பற்றிக்கொண்டவர்கள் இல்லாதவர்களாகிப் போனார்கள் என்கிறார். கவறு சரி, கழகம் சரி, கை என்றால் என்ன? ஆடுவதற்கு வேண்டிய கைத்தொழில் என்று உரை எழுதினார் பரிமேலழகர். அதாவது திறமை. எனக்கு இந்த ஆட்டம் நன்றாக வரும் என்ற எண்ணம். ஆளைக் கெடுப்பது கட்டை மட்டும் என்று வள்ளுவர் சொல்லவில்லை. கைத்திறத்தின் மேல் வைக்கும் நம்பிக்கையும் அதே வரிசையில் நிற்கிறது. தற்செயலால் தோற்றவன் இன்று நமக்கு நேரம் சரியில்லை என்று எழுந்துபோகக்கூடும். திறமையால் வெல்லலாம் என்று நம்புகிறவன் எழுவதே இல்லை.

'சூது' வடமொழி 'த்யூத' என்பதன் வழிவந்தது. இந்தியின் 'ஜூவா'வும் அந்தக் கிளைதான். சூதாட்டத்தைக் குறித்த சொல் தமிழில் வஞ்சகத்துக்கும் பெயராயிற்று. சூதுவாது தெரியாத பிள்ளை என்கிறோம். அதில் வரும் 'வாது' வாதம். வாதத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரை விடப் பொருத்தமான ஊர் ஏது? வல்லபதேவ பாண்டியன் மதுரையில் கட்டிவைத்த பொற்கிழியை, பரம்பொருள் யார் என்று நிலைநாட்டும் வாதில் வென்றவர் பெரியாழ்வார் என்பது குருபரம்பரை சொல்லும் கதை. அந்தப் பொன்னைக் கொண்டே கோபுரம் எழுந்தது என்பது ஊர் மரபு. அவர் அங்கே எதையும் பணயம் வைக்கவில்லை. கிழி அரசன் வைத்த பரிசு. தோற்றாலும் அவருடைய நந்தவனம் நந்தவனமாகவே இருந்திருக்கும். போட்டி என்பதற்கும் சூது என்பதற்கும் நடுவே உள்ள கோடு இங்கே துலக்கமாகத் தெரிகிறது.

பெரியாழ்வாரின் பெயரைச் சூட்டப்பெற்றவர்தான் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார். அவர் பிறந்தது திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில். பெயர் மட்டும் நம் ஊருடையது. சபா பருவத்தில் அவர் ஒரு சருக்கத்துக்கு இட்ட பெயர் 'சூதுபோர்ச் சருக்கம்'. ஆட்டத்தைப் போர் என்றது அவருடைய கூரிய பார்வை. பாரதக் கதையில் தருமனுக்கு ஆட்டத்தின் மேல் ஆசை உண்டு, ஆடத் தெரியாது. சகுனிக்கு நன்றாகத் தெரியும். அங்கே வென்றது அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், திறமைதான் வென்றது. அதனால் அது சூதாட்டம் இல்லை என்று ஆகிவிடுமா?

இந்தக் கேள்விதான் நம் சட்டத்தின் நடுக்கேள்வி. 1930ஆம் ஆண்டின் சென்னை சூதாட்டச் சட்டம் முழுக்கத் திறமையைச் சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று சீட்டைப் போன்றதல்ல ரம்மி, விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று அறிய வேண்டும், ஆகவே அதில் திறமையே மேலோங்கியது என்றது. 1968இன் சட்டத் தொகுப்புகளில் அந்தத் தீர்ப்பு இருக்கிறது. 1996இல் லட்சுமணன் வழக்கில், கிண்டியில் ஓடும் குதிரையின் மேல் பணம் கட்டுவதையும் அதே நீதிமன்றம் திறமைப் பக்கம் சேர்த்தது. மனமகிழ் மன்றத்து மேசையில் இருந்த ரம்மி பிறகு கைப்பேசிக்குள் வந்தது. சம்பளம் வந்த இரவில், வீடு தூங்கிய பின், முகம் தெரியாத ஆட்களோடு ஆட முடிந்தது.

தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தி, பணம் வைத்தால் திறமை ஆட்டமும் குற்றம் என்றது. அந்த ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை நீக்கியது. 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது. அவசரச் சட்டம் வந்தது. சட்டமன்றம் நிறைவேற்றியதை ஆளுநர் திருப்பி அனுப்ப, மீண்டும் நிறைவேற்றி 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. இம்முறை ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டப் பட்டியலில் எழுதினார்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அந்த இரண்டையும் பட்டியலிலிருந்து விடுவித்தது.

ரம்மியில் திறமை இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னதில் பிழை காண எனக்கு எதுவும் இல்லை. இருக்கிறது. ஆனால் அது யாருக்கு ஆறுதல்? முழுத் தற்செயல் ஆட்டத்தில் சமமான இருவர் நாள் முழுக்க ஆடினாலும் இன்று ஒருவன், நாளை இன்னொருவன் என்று போகும். திறமை ஆட்டத்தில் வலுக் குறைந்தவன் ஆட ஆடத் தோற்பது உறுதி. நடத்துகிறவனோ ஒவ்வொரு சுற்றிலும் தன் கழிவை எடுத்துக்கொள்கிறான். திறமை என்ற சொல் நடத்துகிறவனுக்குக் கேடயம். தோற்கிறவனுக்கு அதுவே தூண்டில். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையா தற்செயலா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடைசெய்தது. அதை எதிர்த்தும் வழக்குகள் போயிருக்கின்றன.

பணம் என்ற சொல்லின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். வடமொழி 'பண' என்பதற்குப் பந்தயப் பொருள், ஒப்பந்தம், நாணயம் என்று பொருள்கள். பணயம் அதிலிருந்து வந்தது. நாம் நாள்தோறும் கையில் எடுக்கும் பணமும் அதே சொல். ஆட்டப் பலகையின் மேல் வைத்ததுதான் பணம் என்ற பெயரோடு நம் மடிக்கு வந்திருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகும் திருமங்கலம்–கொல்லம் சாலை இராஜபாளையம், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும். அங்கே போனதும் வரிசையாக லாட்டரிக் கடைகள். அவற்றின் முன் நிற்பவர்களில் தமிழர் கணிசம். கேரளம் 1967இல் லாட்டரிக்கென்று அரசுத் துறையே தொடங்கியது. தமிழ்நாட்டில் அண்ணா முதல்வராக இருந்தபோது 1968இல் பரிசுச் சீட்டு வந்தது; 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிக்கும் தடை விழுந்தது. சீட்டுகளை அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த சிவகாசிக்கு அது பெரிய அடி. மலையாளத்தில் லாட்டரிக்குப் 'பாக்யக்குறி' என்று பெயர். பங்கு என்ற பாகமும், குலுக்கல் சீட்டு என்ற குறியும். மலைக்கு அந்தப் பக்கமும் அதே எண்ணந்தான் வேறு சொல்லில் நிற்கிறது. லாட்டரியில் திறமை துளியும் இல்லை என்பதை யாரும் மறுப்பதில்லை. இருந்தும் ஒரு மாநிலத்தில் அது அரசின் வருவாய், பக்கத்து மாநிலத்தில் குற்றம். தற்செயல், திறமை என்ற அளவுகோல் அந்தச் சாலையில் செங்கோட்டை வரைகூடத் தாங்கவில்லை.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க வேண்டும். பரமபத வாசல் திறக்கும்வரை தூங்காமல் இருக்க வைணவ வீடுகளில் விரிப்பது பரமபத சோபான படம். 132 கட்டம், அசுரர் பெயர் தாங்கிய பாம்புகள், நற்குணங்களின் பெயர் தாங்கிய ஏணிகள். இதிலும் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். ஒருவருக்கு ஒரே காய். எதை நகர்த்துவது என்று யோசிக்க இடமே இல்லை. சட்டத்தின் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இதைவிடச் சுத்தமான தற்செயல் ஆட்டம் கிடையாது. விரதம் இருக்கும் இரவில், ஆசாரம் தவறாத பாட்டிமார், பெருமாள் படத்துக்கு முன்னால் பேரப் பிள்ளைகளை உட்கார்த்திவைத்து ஆடவிடுகிறார்கள். பாம்பு கடித்துக் கீழே வந்த பிள்ளை அழும், மறுபடி உருட்டும். கட்டத்தின் மேல் காசு வைக்க அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை.